காப்பி = 4

கணவர் இறந்து ஒன்பது நாளாகியும் அவருடைய மடிக்கணினியை யாரும் மூடவில்லை. மதிய வெயில் திரையில் சாய்ந்து தூசியைக் காட்டுகிறது. மழைக் கணக்குக்காக அவர் நிரல் எழுதும் மென்பொருள் போட்டது போட்டபடி திறந்திருக்கிறது. இலவசம், யார் வேண்டுமானாலும் கை வைத்துத் திருத்தலாம் என்று பெற்ற பிள்ளையைப் போல மெச்சிக்கொள்வார். வலது ஓரப் பட்டியலில் மழை, காற்று, ஈரம் என்று பெயர்களும் எதிரே எண்களும் நிற்கின்றன. அவள் வெறுமனே பார்க்கிறாள். அழுகை வரவில்லை, எதுவுமே வரவில்லை. கொழுந்தன் சார்ஜர் வயரைச் சுருட்டுகிறான்.

“ஆபீஸ்ல திருப்பிக் கேக்கறாங்க அண்ணி. எழுதின நிரல் பத்திரமா இருக்கு. மூடினா இந்தப் பட்டியல் மட்டும் போயிடும்.”

“அதுல காப்பின்னு இருக்கே, என்ன அது?”

அவன் குனிகிறான். “அண்ணன் கடைசி நாளன்னிக்குக் குடிச்சத எண்ணி வச்சிருக்காரு. நாலு.”

“டாக்டர் ரெண்டுதான்னாரு. உங்கண்ணனும் ரெண்டுதான்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணாரு.”

அவள் ஒற்றை விரலால் நாலை அழித்து இரண்டு என்று தட்டுகிறாள். திரை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கிறது.

“ம், இப்ப மூடுங்க தம்பி.”