காலிறுதிக்கு மறுநாள்

“‘நவம்பர் 19, புதன். களைத்துப்போன இடது பக்க வீரனை ஐந்து நிமிடம் பிந்தித்தான் மாற்றினேன். அந்த ஐந்து நிமிடத்துக்குள் கோல் விழுந்தது. பிழை என்னுடையது.’ கேட்டியளே மிஸ்? தன்ர கையாலயே எழுதி வைச்சிருக்கிறா!”

தேவராசா வாசித்து முடித்து, நாட்குறிப்பை மேசையில் போட்டார். லண்டனில் குரோய்டன் பகுதியில் உள்ள அந்தக் கல்லூரியின் கால்பந்து அணிக்கு அவர்தான் தலைமைப் பயிற்றுநர். பக்கத்து நாற்காலியில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கோசிகா, அவருடைய உதவிப் பயிற்றுநர். வயது இருபத்து மூன்று.

மாலை வகுப்பில் பயிற்றுநர் சான்றிதழுக்குப் படிப்பவர்கள் நாட்குறிப்பு எழுதியே ஆக வேண்டும். அதில் தலைமைப் பயிற்றுநரிடம் வாராவாரம் கையெழுத்தும் வாங்க வேண்டும். கோசிகா தன் பிழைகளை ஒன்று விடாமல் எழுதுகிறவள். எழுதியது சரிதானா என்று இரண்டு தடவை யோசிக்கிறவள். காலையில் கையெழுத்துக்காக அவள் நீட்டியதைத்தான் அவர் நேரே இங்கே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

மேசைக்கு அப்பால் விளையாட்டுத் துறைத் தலைவி ருக்குமணி. மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். மூவரும் தமிழர் என்பதால், கதவு சாத்தியதும் ஆங்கிலம் வெளியே நின்றுவிட்டது.

ருக்குமணியின் முன்னால் வேலை நீக்கக் கடிதம் ஒன்று கிடந்தது. பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

யாருடைய பெயர் என்பதில் கோசிகாவுக்குச் சந்தேகமில்லை. அணி தோற்றால் ஓர் உதவிப் பயிற்றுநர் போவார். அதுதான் தேவராசாவின் வழக்கம். இரண்டு வருடத்துக்கு முன் பிரவீணன், போன வருடம் மிதுலன். இப்போது பக்கத்து ஊரான சட்டனில் நடந்த காலிறுதியில், பெனால்டி வரைக்கும் போய் நேற்றுத் தோற்றாயிற்று.

வேலை போனால் சான்றிதழும் போய்விடும். அதற்கு ஒரு பருவம் முழுக்க ஒரே அணியோடு நின்றிருக்க வேண்டும்.

“பிள்ளை, நீயே விலகிறன் எண்டு எழுதித் தந்திடு,” என்றார் தேவராசா. “உனக்கும் மரியாதை, கொலிஜுக்கும் மரியாதை.”

“மாட்டன் அங்கிள். வேணுமெண்டால் என்னை நிப்பாட்டுங்கோ. நானா எழும்பிப் போகமாட்டன்.”

“பாத்தியளே மிஸ், வாயை!”

ருக்குமணி பேனாவைத் திறந்தார். “நேத்து ஆடின பதினொரு பேரைத் தேர்ந்தெடுத்தது யாரு?”

“இவதான்,” என்றார் தேவராசா.

“ஓம், நான்தான்,” என்றாள் கோசிகா.

“பெனால்டி யார் யார் அடிக்கணும்னு முடிவு பண்ணது?”

“அதுவும் இவதான் மிஸ்! கடைசியா அடிச்ச பெடியன் சட்டனில அடிச்ச பந்து, இப்ப குரோய்டனுக்கே வந்து சேந்திருக்கும்!”

“அவன் பிராக்டிஸில பத்துக்கு ஒன்பது போட்டவன்,” என்றாள் கோசிகா. “நாளைக்கு இன்னொரு மேட்ச் எண்டாலும் அவனைத்தான் அனுப்புவன்.”

இப்படி எல்லாவற்றையும் ஒத்துக்கொள்வது முட்டாள்தனமோ என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் தான் செய்ததை அந்தப் பெடியனின் தலையில் கட்ட மனம் வரவில்லை. நாற்காலியில் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ருக்குமணி குறித்துக்கொண்டார். “இந்த சீசன்ல பிராக்டிஸ் நடத்தினது?”

“முழுக்க இவதான்!” தேவராசாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “இடைவேளையில பெடியளோட கதைக்கிறதும் இவ, ஆளை மாத்திறதும் இவ. நான் ஒண்டிலயும் கை வைக்கேல்ல மிஸ். நம்பி விட்டன். அதுதான் நான் விட்ட பிழை.”

“அப்ப இதையும் சேத்து எழுதுங்கோ மிஸ்.” கோசிகாவின் குரல் உயர்ந்தது. “ஏழு வருசத்தில இந்த டீம் முதல் தடவையாக் காலிறுதிக்கு வந்தது. அதுவும் என்ர பிழைதான்.”

தேவராசா வாய்விட்டுச் சிரித்தார். ருக்குமணி சிரிக்கவில்லை. எழுதியதை மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்தார்.

“கடைசியா ஒரு தடவை கேக்கறேன், தேவராசா. எல்லாமே இவங்கதானா?”

“சத்தியமா மிஸ். ஆரிட்ட வேணுமெண்டாலும் விசாரிச்சுப் பாருங்கோ.”

ருக்குமணி கடிதத்தில் பெயரை எழுதினார். கையெழுத்திட்டு, மடித்து, மேசையின் நடுவில் வைத்தார்.

அழக் கூடாது என்று கோசிகா பல்லைக் கடித்துக்கொண்டாள். எழுந்து நின்று கடிதத்தை எடுக்கப் போனாள்.

“அது அவருக்கு, கோசிகா. நாளைக்கு நாலு மணி பிராக்டிஸுக்குள்ள, உங்களுக்கு ஒரு அசிஸ்டன்ட் கோச்சைத் தேடுங்க.”