திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு மேதை

நாவலாசிரியர் கதிர்காமநாதன் பெண்களின் மனசைக் கரைத்துக் குடித்தவர் என்பது வெள்ளவத்தையில் பரவலான நம்பிக்கை. சட்டசபை அங்கத்தவர் ஒருவர் மாலை போட்டு அப்படிச் சொல்லியும் இருக்கிறார். இலக்கிய வரலாற்றின் நன்மை கருதி இதைத் திருத்தியாக வேண்டும். அவர் குடித்தது தேத்தண்ணி. புதன்கிழமைகளில், திரைச்சீலைக்குப் பின்னால்.

புதன் பின்னேரம் மனைவி பாலேஸ்வரியிடம் அயல் பெண்கள் கதைக்க வருவார்கள். எழுத்தாளர் நித்திரை என்று பேர். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் அவர்கள் வீட்டு விஷயம் அத்தியாயமாக வரும். பெயர் மட்டும் மாறும். தெரு, தொழில், மூக்கிலிருக்கும் மரு, எதுவும் மாறாது. விமர்சகர்கள் அதை யதார்த்தம் என்றார்கள்.

பாலேஸ்வரிக்கு வெளியே தலைகாட்ட வெட்கம்.

அந்தப் புதன்கிழமை பக்கத்து வீட்டு ஜவாஹிறா கண்கலங்கி வந்தாள்.

"தங்கச்சி, எண்ட மகள் றமீலாவுக்கு எட்டு மாசம். தலைப்பிள்ளை. பெறுறதுக்குத் தாய் வீட்டுக்கு அனுப்ப ஏலாதாம். மாமியாருக்கு மா இடிக்க ஆள் வேணுமாம்!"

பாலேஸ்வரி பதறினாள். "ராத்தா, இஞ்ச வேண்டாம். குசினிக்குள்ள போய்க் கதைப்பம்."

"எனக்குக் கால் உளையுது." ஜவாஹிறாவின் குரல் இன்னும் உயர்ந்தது. "கொட்டாஞ்சேனையில புடவைக்கடை வச்சீக்கிற மருமகன், உம்மாட முந்தானையைப் புடிச்சிட்டு நிக்கிறார்!"

திரைச்சீலைக்குப் பின்னால் பென்சில் சீவும் சத்தம் கேட்டது. பாலேஸ்வரி பலமாக இருமினாள்.

ஜவாஹிறா போனதும் உள்ளே ஓடினாள். "இதையாவது எழுதாதேங்கோ. அந்தப் பிள்ளையை அங்க வைச்சு வதைப்பினம்."

"எதை? எனக்கு இப்பதான் ஒரு கற்பனை உதிச்சது. குழப்பாதையும்."

ஞாயிற்றுக்கிழமை கற்பனை அச்சில் வந்தது. கதாநாயகன் பெயர் முருகேசு. கொட்டாஞ்சேனை, புடவைக்கடை, எட்டு மாசம், தாயின் முந்தானை, எல்லாம் பத்திரமாக இருந்தன.

செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு வாசலில் வாடகைக்குப் பிடித்த ஹயர் கார் ஒன்று வந்து நின்றது. பாலேஸ்வரி அவசரமாகப் போனாள். உள்ளே றமீலா, வயிற்றின் மேல் பீங்கானை வைத்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ராத்தா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இவர்தான்..."

"என்னத்துக்கு மன்னிப்பு? கடைக்கு வாறவங்க எல்லாம், 'உம்மாட முந்தானை என்ன விலை?'ண்டு கேட்டாங்களாம். மருமகன் தானே கொண்டுவந்து விட்டுட்டுப் போறார்."

"அப்ப, இவர் ஒளிச்சுக் கேக்கிறது உங்களுக்கு..."

"திரைச்சீலை கட்டை, தங்கச்சி, நிலத்துக்கு எட்டாது. ஐயாட கால் எங்களுக்கு எப்பவும் தெரியும்."

அடுத்த புதன்கிழமை கூடத்தில் இருக்க இடமில்லை. கிருலப்பனையிலிருந்து கூட இரண்டு பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் கதிரைகளைத் திரைச்சீலைப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.