சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம்

பலகையில் 'ரெசிலியன்ஸ்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார் இங்கிலீஷ் வாத்தியார்.

மருத்துவமனை கேன்டீனில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மேசைகளைத் துடைத்து, அங்கே வேலை பார்க்கிற எங்கள் பதினோரு பேரையும் இங்கிலீஷ் வகுப்புக்கு உட்கார வைத்திருந்தார்கள். மேசையில் இன்னும் ஈரம் காயவில்லை.

அடிபட்டாலும் எழுந்து நிற்கிற குணமாம். கடை தீப்பிடித்து எரிந்தவர் மறுவாரமே கடை திறந்தால் அவரிடம் ரெசிலியன்ஸ் இருக்கிறது. பரீட்சையில் மூன்று தரம் கோட்டை விட்டவன் நான்காம் தரமும் போய் எழுதினால் அவனிடமும் இருக்கிறது. வாத்தியார் சொல்லச் சொல்ல நாங்கள் கோரஸாகத் திருப்பிச் சொன்னோம்.

பிறகு ஆளுக்கு அரைத் தாள் கொடுத்தார். அந்தச் சொல்லை வைத்து, சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அடியில் பெயர். மேனேஜர் படிப்பார்.

மேனேஜர் என்றதும் பக்கத்திலிருந்த அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

காரணம் இருக்கிறது. நோயாளிகளுக்கு டோக்கன் போட்டுப் பெயர் பதிகிற கவுண்டரில் அக்காவும் நானும் இரண்டே பேர். போன வாரம் வாசலில் ஒரு மெஷின் வந்து நின்றுவிட்டது. பொத்தானை அமுக்கினால் அதுவே டோக்கனைத் துப்புகிறது. மாதக் கடைசிக்குள் எங்களில் ஒருத்தியை அனுப்பிவிடுவார்கள். யாரை என்று மட்டும் சொல்லவில்லை.

அக்கா வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான். என் வீட்டில் நான் ஒருத்திதான். இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டுக்கொண்டே, மற்றவள் எப்போது தொலைவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

இல்லை, பொய் சொல்லக் கூடாது. அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தது நான் மட்டும்தான்.

அக்கா தன் தாளை மெதுவாக என் பக்கம் நகர்த்தினாள்.

"உனக்குத்தான் இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடாச்சே. எனக்கும் ஒண்ணு எழுதிக் குடேன், புண்ணியமாப் போகும்."

எழுதிக் கொடுத்தேன். என் ஆயுசில் அவ்வளவு நல்ல இங்கிலீஷ் நான் எழுதியதில்லை. ஒரு வாக்கியம் கேட்டதற்கு மூன்றாக எழுதினேன்.

'என் கணவர் இறந்த பத்தாம் நாளே நான் வேலைக்கு வந்துவிட்டேன். வரிசையில் நின்ற ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரித்தேன். எந்த அடி விழுந்தாலும் தாங்கிக்கொள்ளும் ரெசிலியன்ஸ் எனக்கு உண்டு.'

அர்த்தம் சொன்னதும், கடைசி வரி நிஜமில்லையே என்று அக்கா இழுத்தாள். நிஜமில்லைதான். தினமும் பதினொரு மணிக்கு ஸ்டோர் ரூமுக்குள் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருவாள். அதுவரை கவுண்டரைத் தனியாகச் சமாளிப்பவள் நான். எனக்குத் தெரியாததா?

இது வெறும் பரீட்சை மாதிரிதான் அக்கா, கொஞ்சம் கூட்டிச் சொன்னால் தப்பில்லை என்றேன். என்னைப் பெற்றவள்போல் நம்பிக் கையெழுத்துப் போட்டாள்.

என் தாளில், என்னிடம் ரெசிலியன்ஸ் துளிகூடக் கிடையாது, சின்ன அதிர்ச்சி என்றாலும் அந்த இடத்திலேயே மயங்கி விழுந்துவிடுவேன் என்று எழுதினேன்.

ஒவ்வொருவராக எழுந்து படித்தோம். திங்கட்கிழமைதோறும் நின்றுபோய்ச் சாயங்காலம் மறுபடி ஓடுகிற எங்கள் லிஃப்டுக்கு ரெசிலியன்ஸ் உண்டு என்றார் லிஃப்ட்காரர். என் சமையலைச் சாப்பிட்டும் உயிரோடு இருக்கிற என் மாமியாருக்குத்தான் அது உண்டு என்றார் ஆம்புலன்ஸ் டிரைவர். கேன்டீனே சிரித்தது.

என்னுடையதைப் படித்தபோது அதைவிட அதிகமாகச் சிரித்தார்கள். தொட்டாற்சிணுங்கி என்று ஒரு நர்ஸ் எனக்குப் பெயரே வைத்துவிட்டாள்.

அக்கா படித்தாள். திக்கித் திக்கித்தான் படித்தாள். முடித்ததும் வாத்தியார் எழுந்து நின்று கைதட்டினார், எல்லோரும் தட்டினார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்காவுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கணவர் போன பிறகு அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வகுப்பு கலைந்ததும் கை கழுவும் இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள். தான் ஜெயித்துவிட்டதாக அவள் முடிவே பண்ணிவிட்டாள். அதனால் என்னைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது.

"மனச விட்றாத. மேனேஜர் கூப்பிட்டா, உன்னையும் வச்சுக்கச் சொல்லி நான் கால்ல விழுந்தாவது கேக்குறேன்."

சொன்னதைச் செய்வாள். அவள் அப்படிப்பட்டவள். நான்தான் பாவி.

வகுப்புக்கு முந்தின வெள்ளிக்கிழமையே, ஜெராக்ஸ் எடுக்கப் போனபோது, ஜெராக்ஸ் மெஷின் மூடிக்கு அடியில் மேனேஜர் ஒரு கடிதத்தை மறந்து விட்டுப் போயிருந்தார். இதே வாத்தியாருக்கு எழுதியது.

'கவுண்டரில் இருக்கும் இருவரில் ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தப்போகிறோம். போன முறை சலவைப் பிரிவிலிருந்து அனுப்பிய பெண் வாசலில் விழுந்து அழுது ஊரைக் கூட்டிவிட்டாள். இந்த முறை தாங்கிக்கொள்ளக் கூடியவராகப் பார்த்து அனுப்ப விரும்புகிறோம். அது தெரிகிற மாதிரி வகுப்பில் ஏதாவது எழுத வையுங்கள்.'

இரண்டு தரம் படித்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்து மூடினேன்.

வகுப்பன்று வாத்தியார் பதினோரு தாள்களையும் என்னிடம்தான் கொடுத்தனுப்பினார். மேனேஜர் அறை வரைக்கும் அக்காவும் கூடவே வந்தாள். தன்னுடையதை மேலே வைக்கச் சொல்லிக் கேட்க அவளுக்குக் கூச்சம்.

நானே வைத்தேன்.