அரை டம்ளர்

“கையைக் கட்டிக்கிட்டு எந்திரிங்க சார்,” என்றாள் பிசியோதெரபி பெண், ஸ்டாப்வாட்சை அழுத்தியபடி.

ஹெட்கிளார்க் எழுந்தார்.

கையை ஊன்றாமல் ஐந்து தடவை எழுந்து உட்கார வேண்டும். முடிந்தால் மாடியில், மனைவியோடு, தம்பதி அறையிலேயே இருக்கலாம். முடியாவிட்டால் பின்கட்டு. அந்த முதியோர் இல்லத்தின் பின்கட்டுக்குப் போனவர்கள் யாரும் நடந்து திரும்பியதில்லை.

ஓய்வு பெற்றுப் பதினெட்டு வருடம் ஆகியும் அவரை எல்லோரும் ஹெட்கிளார்க் என்றுதான் கூப்பிட்டார்கள். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் அவருக்குக் காது கேட்காது.

இரண்டாவது தடவை தொடை நடுங்கியது.

மூன்றாவது தடவை பாதி எழுந்து, தொப்பென்று உட்கார்ந்தார்.

நான்காவதற்கு உடம்பு முன்னால் சாய்ந்ததே தவிர, இடுப்பு நாற்காலியை விட்டுக் கிளம்பவே இல்லை. பாவம், பல்லைக் கடித்துத்தான் பார்த்தார்.

சுவர் ஓரமாக மனைவி நின்றிருந்தாள். ஒன்பது வயது இளையவள். சற்று முன்னால் இதே நாற்காலியில் பதினோரு நொடியில் ஐந்தையும் முடித்துவிட்டிருந்தாள்.

பக்கத்தில் நின்ற, சாப்பாட்டுக் கணக்கைக் கவனிக்கும் டயட்டீஷியன் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். மூன்று மாதமாகக் காலையும் மாலையும் ஒரு பெரிய டம்ளர் புரதப் பவுடர் கரைத்துக் கொடுத்திருக்கிறது. பயிற்சியும் தவறவில்லை. அப்படியும் தொடை இரண்டு சென்டிமீட்டர் இளைத்திருந்தது.

“முழுசாக் குடிச்சீங்களா சார்?”

ஹெட்கிளார்க் பொய் சொல்லவில்லை. சொல்லப்போனால் அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான். நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் பாதியை மனைவிக்கு ஊற்றிக் கொடுத்துவிடுவார்.

அவள்தான் கேட்டாள், தனக்கும் முட்டி வலிக்கிறதென்று. நாற்பத்தாறு வருடத்தில் அவள் எதிலும் பங்கு கேட்டதில்லை. அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு மீந்ததைச் சாப்பிடுவாள். மீனென்றால் அவளுக்கு வால்தான். எதுவும் மிஞ்சாத நாட்களும் உண்டு. இந்த வயதிலாவது கொடுப்போமே என்று அவருக்கு மனம் இளகிவிட்டது.

டயட்டீஷியன் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

வாலிப உடம்புக்கு அரை டம்ளர் போதும், அதிலேயே தசை கட்ட ஆரம்பித்துவிடும். வயதான தசை அப்படியில்லை, மெதுவாகத் தட்டினால் கதவைத் திறக்காது. ஒரே வேளையில் முழு டம்ளரும் உள்ளே போனால்தான் அசையும். பாதி குடித்தால் பாதிப் பலன் என்று கணக்கில்லை, ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

“முதல் நாளே உங்க வீட்டம்மாகிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே சார், பங்கு போட்டா வீண்னு. புரிஞ்சுதான்னு கேட்டதுக்கு, அப்படியே திருப்பிச் சொன்னாங்களே.”

ஹெட்கிளார்க் மனைவியின் பக்கம் திரும்பினார்.

அவள் அதற்குள் இல்லத்தைக் கவனிக்கும் மேட்ரனிடம் போயிருந்தாள். அவருடைய கட்டிலை இன்றைக்கே எடுத்துவிடுவார்களா என்று பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.