கூண்டு தாங்காத ஒல்லி

"மாமா, சொன்னா கோவிச்சுக்காதீங்க. பாரம் நீங்கதான்."

இரண்டாவது மாடி உயரத்தில் கூண்டு நின்றுபோய் 'கீ கீ' என்று அலறிக்கொண்டிருந்தது. உயரமான கட்டடங்களின் வெளிக் கண்ணாடிகளைத் துடைப்பதற்காக உச்சியிலிருந்து இரண்டு எஃகுக் கயிறுகளில் தொங்கவிடும் கூண்டு அது. அளவுக்கு மேல் பாரம் ஏறிவிட்டால் மேலே நகராது, இப்படித்தான் மணியடித்து ஊரைக் கூட்டும்.

ஒல்லிக்கு முகம் சுண்டிப்போயிற்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வைத்த பட்டப்பெயர் அது. கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மட்டும்தான் ஒல்லியாக இருந்தது.

"போன வாரம் ஏறுச்சேடா மாப்ள? கிளம்பும்போது கறக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. மோட்டார்ல ஏதாச்சும் கோளாறோ?"

"மோட்டார் பாவம், அது என்ன பண்ணும்? உங்க பெல்ட்டைப் பாருங்க, கடைசி ஓட்டையில வந்து நிக்குது," என்றான் கூடவே வேலை பார்க்கும் மச்சினன்.

அடுத்த வாரம் கம்பெனி டாக்டர் எல்லோரையும் எடை பார்க்கப்போகிறார். தேறாவிட்டால் கூண்டு கிடையாது. தரையில் நின்று, "இந்தப் பக்கம் வராதீங்க" என்று போவோர் வருவோரை விரட்டும் வேலைதான். பறவை மாதிரி இருந்த மனுஷன் காக்கா விரட்டுவதா என்று நினைத்த ஒல்லி, வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

வாளியிலிருந்த தண்ணீரைக் கண்ணாடியிலேயே ஊற்றிக் காலி செய்தார்கள். மணி நின்றது. கூண்டு முனகிக்கொண்டே நான்காவது மாடி வரை ஏறி, மறுபடி அலற ஆரம்பித்தது.

பால்கனியில் ஒரு அம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒல்லி சோப்பு கேனை அவளிடம் நீட்டினான். "கொஞ்சம் வச்சிருங்கக்கா, சாயங்காலம் வந்து வாங்கிக்கிறோம்."

கேனை வாங்கிய அம்மாள் எட்டிப் பார்த்தாள். கண்கள் விரிந்தன. கீழே கையைக் காட்டி என்னென்னவோ சொன்னாள். மணிச் சத்தத்தில் ஒரு எழுத்துகூட விளங்கவில்லை.

"உங்களைக் கீழ இறங்கச் சொல்றாங்க மாமா. வெளியாளுக்கே தெரியுது பாருங்க."

ஆறாவது மாடியில் மூன்றாம் முறையாக நின்றது. இனி இறக்கிவைக்க இருந்தது ஒல்லியின் தோள்பை ஒன்றுதான். மச்சினன் அதைப் பிடுங்கித் திறந்தான். உள்ளே இரண்டு டிபன் டப்பாக்கள்.

"இது எங்க அக்கா குடுத்தது. இது யாருது?"

ஒல்லி அந்த டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "எங்கம்மாது. பஸ் ஸ்டாப்ல நின்னு குடுப்பாங்க. வேணாம்னா அழுவாங்கடா."

"தினமுமா? ரெண்டையும் நீங்களே காலி பண்றீங்களா?"

"யார் மனசும் நோகக்கூடாதுல்ல! வேணும்னா இப்பவே சாப்பிட்டு முடிச்சு டப்பாவைக் காலி பண்ணிடவா?"

"டப்பாவுல இருக்கிறது வயித்துக்குள்ள போனா பாரம் எப்படி மாமா குறையும்?"

அது நியாயமாகத்தான் பட்டது. ஒல்லி கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தான். கும்பல் கூடியிருந்தது. எல்லோரும் செல்போனை மேலே தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்தே விட்டார்.

"என் உடம்பைப் பாத்துத்தான்டா சிரிக்கிறாங்க," என்றபோது அவன் குரல் உடைந்தது.

"சிரிக்காம? இப்பவே அக்காவுக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லுங்க. இல்லேன்னா நான் சொல்லுவேன்."

வேறு வழியில்லை. ஒல்லி மனைவியைக் கூப்பிட்டான். அலறுகிற மணிக்கு மேல் தொண்டை கிழியக் கத்தி, ஒன்றுவிடாமல் ஒப்புவித்தான். "உன் சமையலும் அம்மா சமையலும் சேர்ந்துதான் என்னை இப்படி ஆக்கிடுச்சு. நாளையிலேர்ந்து ஒரு டப்பாகூட வேணாம்மா!"

மறுமுனையில் மனைவி கரண்டியை 'ணங்'கென்று வைத்தாள்.

"அப்போ நான் வைக்கிறது உங்களுக்குப் பத்தலை. அப்படித்தானே?"

"ஐயோ, அப்படிச் சொல்லலை..."

"இருங்க. அத்தை இங்கதான் இருக்காங்க. ஸ்பீக்கர்லதான் போட்டிருக்கேன்."

அம்மாவின் குரல் வந்தது. "ஏன்டா, நான் பெத்த புள்ளைக்கு ஒரு வாய் ஆக்கிப்போட்டது குத்தமாடா? கண்டவங்க சிரிக்கிற அளவுக்கு என் சாப்பாடு என்ன பண்ணுச்சு?"

அரை மணி நேரம் மனைவியும் அம்மாவும் மாறி மாறி அவனைத் திட்டித் தீர்த்தார்கள். கல்யாணமாகி முதன்முறையாக மாமியாரும் மருமகளும் ஒரே கட்சியில் இருந்தார்கள். "ரெண்டு வீட்லயும் இனி உங்களுக்கு அடுப்பு எரியாது," என்ற தீர்ப்போடு இணைப்பு அறுந்தது.

ஒல்லி வெறித்துப்போய் நிற்கையில் போன் மறுபடி அடித்தது. சூப்பர்வைசர்.

"யோவ், எவ்வளவு நேரமாய்யா உன் நம்பரு பிஸி? தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு எனக்கு!"

"சார், எல்லாம் என் தப்புதான் சார். வீட்லயும் சொல்லிட்டேன். இன்னிலேர்ந்து பட்டினி கிடந்தாவது உடம்பைக் குறைச்சிடறேன். என்னைக் கீழ மட்டும் நிக்க வச்சிடாதீங்க சார்!"

"உன் உடம்பைத் தூக்கிக் குப்பையில போடு! கூண்டுக்கு அடியில என் ஸ்கூட்டர் தொங்குதுய்யா!"