வேதகிரி வீட்டு ஏரி

ஹாலில் நிற்கும் மழைத்தண்ணீர் வடிந்தால்தான் வருவேன் என்று கோமளவல்லி தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். வேதகிரியும் வாளி வாளியாக இறைத்துப் பார்த்தார். கை ஓய்ந்து இரண்டு நாள் படுத்ததுதான் தப்பு. அதற்குள் ஒரு தாழைக்கோழி சோபாவில் முட்டையிட்டுவிட்டது.

புதுச் சட்டப்படி, நீர்ப்பறவை முட்டையிட்ட தண்ணீரை இறைக்கவும் கூடாது, தூர்க்கவும் கூடாது. ஈரநில அதிகாரி பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வந்து வாளியைப் பறிமுதல் செய்தார்.

“இது என் வீடு சார்.”

“நேத்து வரைக்கும் சார். இப்ப ஏரி.”

“ஏரியைத் தூர்த்துத்தானே எங்களுக்கு மனை போட்டு வித்தாங்க. அப்ப எங்க போயிருந்தீங்க?”

“அப்ப சட்டம் இல்ல சார்.”

அதிகாரிக்கும் காலையிலிருந்து வீட்டுக்கு வீடு இதே பேச்சு. சலித்துப்போய், ஒரு படி உயரத்தில் இருந்த குளியலறையை மட்டும் உலர்நிலம் என்று விட்டுக்கொடுத்தார். அங்கே குழாயில் தண்ணீர் வந்து மாதக்கணக்காகிறது.

வேதகிரி மனைவிக்குப் போன் போட்டார்.

“தண்ணி வடிஞ்சுதா?”

“பாத்ரூம்ல சொட்டுத் தண்ணி இல்ல. பாய் மட்டும் கொண்டா, ரெண்டு பேர் படுக்கலாம்.”

கோமளவல்லி யோசித்தாள். “காலை நீட்ட முடியுமா?”

“மாத்தி மாத்தி நீட்டிக்கலாம், வா.”