டிபன் சாப்பாட்டில் சேர்த்தியா?

நர்சிங் இறுதித் தேர்வில் இப்போது கற்பனை நோயாளிகள் கிடையாது. திரையில் வருபவர் நிஜம். மாணவி தொடும் விடை அடுத்த நிமிடமே வார்டில் நடந்துவிடும்.

பூங்கோதைக்கு வந்தவர் சங்கரலிங்கம், ஹெர்னியா ஆபரேஷனுக்குக் காத்திருந்தார். நாற்பது மொழிகளில் புலமை பெற்ற தேர்வு இயந்திரம் அவரிடம் கம்பீரமாகக் கேட்டது: "உணவு உட்கொண்டீர்களா?"

"சாப்பாடா? தொடவே இல்லீங்க."

"வயிறு காலி. தேர்வு எண் 214, மயக்க மருந்து தரலாமா, கூடாதா?"

பூங்கோதை விடையைத் தொடவில்லை. "ஐயா, டிபன் ஆச்சா?" என்றாள்.

"நாலு இட்லி, ஒரு வடைம்மா. அதெல்லாம் சாப்பாட்டுல சேத்தியா?"

'கூடாது' என்பதை அழுத்தினாள். மயக்கத்தில் அந்த இட்லி மேலேறி மூச்சை அடைத்திருக்கும்.

இயந்திரம் நாற்பது மொழிகளிலும் தேடிவிட்டுக் கேட்டது:

"சிஸ்டர், டிபன் என்பது யாது?"